சிக்னல் அண்ணையும் ஐந்து கறுப்புக் கண்ணாடிகளும்

வாயே திறக்காமல் சண்டை பிடித்து, வென்று, சமாதானமாகி, எதிராளியின் செலவில் தேநீரும் குடித்துவிட்டு வரக்கூடிய மனிதர் கொழும்பு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கிறார். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே கையை விரிப்பார். "சிக்னல் அண்ணை" என்று கேளுங்கள், ஒழுங்கை நாய் கூட எழுந்து வந்து வழிகாட்டும்.

அண்ணைக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் வாய் புறப்படுமுன் கை போய்ச் சேர்ந்துவிடும். சந்தித் தேநீர்க்கடையில் அவர் விரலை இப்படிச் சரித்தால் இஞ்சித் தேநீர், அப்படிச் சரித்தால் சீனி வேறாக. ஒருநாள் மூக்கு நுனியில் வந்து உட்காரப் பார்த்த ஈயைத் துரத்தினார். சற்று நேரத்தில் கடைப் பையன் வடை, மீன் ரோல்ஸ், பால்தேநீர் எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்தான்.

"நான் இதொண்டும் கேக்கேல்லையே, தம்பி."

"கேட்டீங்களே அண்ணே! ரெண்டு தரம் கேட்டீங்க. ரெண்டாந்தரம் கோவமா வேற கேட்டீங்க."

அண்ணை கொஞ்சம் யோசித்தார். கேட்டிருக்கத்தான் வேண்டும் என்று முடிவுசெய்து சாப்பிட்டார்.

இன்னொரு நாள் காலி வீதி நடைபாதையில் நின்று, எங்கள் இசைக்குழுப் பாடகி மெலனிக்குப் பல்லவியை எங்கே நிறுத்த வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கத்தின் உச்சத்தில் உள்ளங்கையை உயர்த்தினார். ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்த இரண்டு தனியார் பஸ்கள் கிறீச்சிட்டு நின்றன. சந்தியில் நின்ற பொலிஸ்காரர் நடந்து வந்தார். ஏசவில்லை. மனம் நொந்த குரலில், "மஹத்தயா, ஏக்க மகே ரஸ்ஸாவ நே?" என்றார். ஐயா, அது என்னுடைய வேலையல்லவா என்று. தனக்கு ஒருநாளும் அந்தப் பஸ்கள் அப்படி நின்றதில்லை என்ற துயரம் அவர் முகத்தில் அப்பியிருந்தது.

இந்தக் கை பழகிய இடம் தெமட்டகொடை ரயில் யார்ட். அங்கே பெட்டிகளைக் கோர்க்கும் பகுதியில் அண்ணை பல காலம் வேலை பார்த்தவர். "எஞ்சின் இரையிற இடத்தில ஒருத்தருக்கும் காது வேலை செய்யாது, பிள்ளை. அங்க கைதான் காது" என்பார். ஓய்வுபெறும்போது கொடி, விளக்கு, விசில் எல்லாவற்றையும் ரயில்வேக்குத் திருப்பிக் கொடுத்தவர் கையை மட்டும் கொண்டுவந்துவிட்டார்.

அந்தக் கைதான் எங்கள் பாண்டை நடத்தியது. பாண்டுக்கு நிரந்தரப் பெயர் கிடையாது. கோயில் திருவிழாவுக்கு ஒரு பெயர், தேவாலயப் பெருநாளுக்கு ஒரு பெயர், ஹோட்டல் என்றால் எங்களில் யாருக்கும் சரியாக உச்சரிக்க வராத ஓர் ஆங்கிலப் பெயர். மாற்றி மாற்றிப் பெயர் வைப்பவர் புக்கிங் மாமா. நிகழ்ச்சி பிடிப்பதும், ஆள் சேர்ப்பதும், ஆளை நிறுத்துவதும் அவர்தான். மெலனி பாட்டு. கிட்டார் வாசிக்கும் இருவரும் மச்சான்மார். ஏதோ பழைய கோபத்தில் நேருக்கு நேர் கதைப்பதில்லை. "சத்தம் கூட எண்டு அவருக்குச் சொல்லு" என்று ஒரு முழ தூரத்தில் நிற்கும் மனிதருக்கு என் வழியாகத்தான் செய்தி போகும். நான் கீபோர்ட். கம்பியூட்டர் படித்துவிட்டு, எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற கை அரிப்போடு அலைந்தவள். பின்னால் டிரம்ஸில் கொட்டாஞ்சேனை விக்டர்.

அண்ணை வாசிப்பதில்லை, பாடுவதில்லை. ஆள் கட்டை என்பதால் மேடைக்குக் கீழே சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நிற்பார். கையைப் பக்கவாட்டில் வீசினால் தொடங்கு. வட்டம் போட்டால் இன்னொரு தரம். உள்ளங்கை உயர்ந்தால் நிறுத்து. அவ்வளவுதான் எங்கள் சங்கீத இலக்கணம்.

விக்டர் அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவது வழக்கம். அவருக்குக் கேட்டுவிடும் என்ற பயத்தால் அல்ல. கேட்காது என்பதுதான் விஷயமே. மீசையும் தோளுமாகச் சிங்கம் போன்ற மனிதர், வாழ்நாள் முழுக்க ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே வாசித்தவர். முதலில் இடது காது போனது, பிறகு வலது காது அதைத் தேடிக்கொண்டு போனது. இதை அவர் முன்னால் சொன்னால் சொன்னவர் தொலைந்தார். "என் காது பாம்புக் காது!" என்று மீசையைத் தடவுவார். பிளேன்டீயா பால்டீயா என்று கேட்டால், "அதெல்லாம் சுகமா இருக்கிறாங்க" என்பார்.

கையில் ஒரு குறையும் இல்லை. பாட்டு ஓடும்போது மேடைப் பலகையின் அதிர்வைக் காலால் பிடித்துக்கொண்டு சுத்தமாக அடிப்பார். நிற்கிற இடத்தில்தான் வம்பு. மேடை வெளிச்சத்திலும் மெலனியின் கூந்தல் அலங்காரத்திலும் சோடாப் பெட்டி அண்ணை மறைந்துபோவார். நாங்கள் எல்லாரும் நின்ற பிறகும் விக்டர் அண்ணன் பிரேக் இல்லாத லொறி மாதிரிப் போய்க்கொண்டிருப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் நன்றியுரை தொடங்கி, "எனது அன்பு மனைவி" என்று தழுதழுத்த இடத்தில் டிரம்ஸ் இடியாய் விழுந்தது. மனைவி இன்றுவரை அது முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு என்றுதான் நம்புகிறார்.

அன்று மண்டபத்து வாசலில் வைத்தே புக்கிங் மாமா அண்ணையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐசே சிக்னல், அந்த ஆளுக்குக் காது போயிட்டுது. கொலன்னாவையில ஒரு டிரம்மர் இருக்கிறான், சூடான கை. நான் கதைச்சிட்டன்."

"கதைச்சதைத் திருப்பிக் கதை."

"விளையாடாதையும். வாற மாசம் பெரிய கல்யாணம். அதில விக்டர் ஒருக்காப் பிந்தி நிண்டாலும் ஆள் மாறும். பிறகு என்னோட கோவிச்சுப் பலனில்லை."

அண்ணை கையால் ஒரு பதில் சொன்னார். பத்திரிகையில் போட முடியாது.

ஆனால் மாமா சொன்னால் செய்கிற ஆள். விக்டர் அண்ணனிடமிருந்து அந்த டிரம்ஸ் ஆசனத்தை எடுத்துவிட்டால், மிச்சமிருக்கிற மனிதரை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை என் வாசலில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு நின்றார். உள்ளே ஐந்து கறுப்புக் கண்ணாடிகள். போட்டுப் பார்த்தேன். துள்ளிக் குதித்தேன். எதிரே சுவரும் தெரிகிறது, சுவருக்கு முன்னால் காற்றில் படங்களும் மிதக்கின்றன! சுற்றுலாப் பயணிகளுக்கு இடிந்த மாளிகைகளில் பழைய அரசரை நடக்கவிட்டுக் காட்ட ஒரு கம்பனி இவற்றை வாங்கியதாம். பிறகு கம்பனியும் அரசரோடு சேர்ந்து மறைந்துவிட்டது. கம்பனிக்காரருடைய மகளின் பிறந்தநாளுக்குச் சும்மா வாசிக்கிறோம் என்று வாக்குக் கொடுத்து அண்ணை வாங்கி வந்திருந்தார்.

"பிள்ளை, இதுக்குள்ள என்ர கையைப் போடலாமோ?"

"போடலாமோ எண்டு கேக்கிறீங்களோ அண்ணை? உங்களுக்கு முன்னால ஒரு கமரா வைப்பம். நீங்கள் கையைத் தூக்கினா விக்டர் அண்ணையின்ர கண்ணுக்கு முன்னால பெரிய சிவப்புக் கை நிக்கும். கை இறங்கினாப் பச்சை வரும், தொடங்கலாம். தாளத்துக்கு ஒரு புள்ளி துடிக்கும். நீங்கள் எங்க நிண்டாலும், ஆர் மறைச்சாலும் தெரியும்! அவருக்கு ஒரு கண்ணாடி போதும், மற்ற நாலையும் நான் கழட்டிப் பாக்கிறன்…"

"கழட்டாதை. அஞ்சுக்கும் செய்."

"ஏன் அண்ணை? எங்களுக்குக் காது கேக்குதே."

"கேக்கட்டும். ஒராளுக்குக் குடுத்தா அது மருந்து. அஞ்சு பேருக்கும் குடுத்தா யூனிஃபோர்ம். விக்டர் மருந்து குடிக்க மாட்டான்."

அப்படியே நடந்தது. விக்டர் அண்ணன் கண்ணாடியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாரும் போடுறதா?"

அண்ணை தலையாட்டினார்.

"மெலனியும்?"

மெலனி தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்று காட்டினாள்.

"அப்ப சரி. எனக்கு இது தேவையில்ல. ஆனா எல்லாரும் ஒரு மாதிரி இருக்க நான் மட்டும் வேற மாதிரி நிக்க ஏலாதுதானே."

அண்ணையின் வீட்டில் கார் இல்லாத கராஜ் ஒன்று உண்டு. அதில் பயிற்சி தொடங்கியது. அண்ணை ஒரு சட்டம் போட்டார். "கண்ணாடி நில் எண்டா நில். போ எண்டாப் போ. உன்ர காது வேற என்னவும் சொன்னா, காதுக்கு லீவு குடு." நாங்கள் காதை நம்பி ஒரு மாதிரியும், விக்டர் அண்ணன் கண்ணை நம்பி இன்னொரு மாதிரியும் நின்றால் வேலைக்காகாது. ஐந்து பேரும் கண்ணை நம்பினால் ஐந்து பேரும் ஒன்றாய் நிற்போம் என்பது கணக்கு.

சிரமம் எல்லாம் கடற்கரை ரயிலால் வந்தது. ரயில் போகும் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் அண்ணையின் கை தானாக உயர்ந்துவிடும். ஐவரும் பொத்தென்று நிற்போம். ரயில் மட்டும்தான் நிற்காது.

கண்ணாடியும் கையுமாக நாங்கள் கராஜிலிருந்து வரிசையாக வெளியே வருவதைப் பார்த்த பக்கத்து வீட்டு ரீச்சர், பாண்ட் முழுவதற்கும் கண்நோய் என்று ஒழுங்கைக்கே அறிவித்துவிட்டார். மறுநாள் அண்ணை வீட்டுக் கேற்றில் ஒரு பை தொங்கியது. உள்ளே கண்ணுக்கு விடும் மருந்து. தெருவின் மறுபக்கத்தில் நின்று ரீச்சர் கத்தினார்: "கையைக் கண்ணில வைக்காதேங்கோ பிள்ளையள்!"

முதல் வெள்ளோட்டம், கம்பனிக்காரருக்கு வாக்குக் கொடுத்தபடி கொட்டாஞ்சேனையில் நடந்த அந்தப் பிறந்தநாள். என் கமரா அண்ணையின் கையையும் பார்த்தது. கட்லட் தட்டோடு போனவரைக் கூப்பிடக் கை தூக்கிய ஒரு பெரியவரையும் பார்த்தது. எந்தக் கை யாருடைய கை என்று அதற்கு எப்படித் தெரியும்? பெரியவருக்குக் கட்லட் என்றால் உயிர். பிறந்தநாள் பாட்டு நடுவில் அறுந்து அறுந்து நின்றது. பாட்டு நின்றால் மெழுகுவர்த்தி ஊத வேண்டும் என்று பழகியிருந்த குழந்தை, நின்ற போதெல்லாம் ஊதியது. ஒவ்வொரு தரமும் தாய் திரும்ப ஏற்றினாள். கடைசியில் கேக்கில் ஐசிங்கை விட மெழுகு கூட இருந்தது.

"கமராவுக்கு உங்கட கை எது எண்டு தெரியவேணும் அண்ணை" என்றேன். "கடும் சிவப்பில ஒரு கையுறை போட்டீங்கள் எண்டா, சிவப்புக் கையை மட்டும் பார் எண்டு எழுதிவிடுவன்."

அண்ணையின் மனைவி கேக் செய்து விற்பவர். அடுப்பிலிருந்து தட்டு எடுக்கிற தடித்த கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தார். செக்கச் சிவப்பு. முதுகுப் பக்கத்தில் ஒரு ஸ்ட்ரோபெரி சிரித்துக்கொண்டிருந்தது. போட்டுப் பார்த்தோம். பிசகே இல்லை. கராஜில் யார் எந்தக் கையைத் தூக்கினாலும் கண்ணாடி அசையவில்லை. ஸ்ட்ரோபெரி எழும்பினால் மட்டும் நின்றோம். நான் உலகத்தையே வென்ற மாதிரி நடந்து திரிந்தேன்.

பெரிய கல்யாணம் வந்தது. குளிரூட்டிய மண்டபம், கூரை முழுக்கப் பூ. புக்கிங் மாமா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெலிந்த ஓர் இளைஞன், சட்டைப் பையில் இரண்டு டிரம்ஸ் குச்சிகள். கொலன்னாவைக்காரன். இன்றைக்கே, இந்த மேடையிலேயே மாற்றிவிடத் தயாராக வந்திருக்கிறார்கள். விக்டர் அண்ணன் அவனைப் பார்த்தார். குச்சிகளையும் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்து மெல்லிய பாட்டுகள் தேன் மாதிரிப் போயின. ஸ்ட்ரோபெரி உயர்ந்தது, நின்றோம். வீசியது, தொடங்கினோம். விக்டர் அண்ணன் ஒருமுறை கூடப் பிசகவில்லை. மாமா கட்டிய கையை அவிழ்க்கவில்லை. அப்புறம் எல்லாரையும் ஆட வைக்கிற பைலாப் பாட்டு தொடங்கியது. சனம் கதிரைகளைத் தள்ளிவிட்டு மேடைக்கு முன்னால் திரண்டது. சோடாப் பெட்டியும் அண்ணையும் அந்த வெள்ளத்தில் மூழ்கிப் போனார்கள். மெலனிக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"எல்லாரும் கையைத் தூக்குங்கோ! அத் உஸ்ஸன்ன!"

தூக்கினார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதல்நாள் மணமகள் வீட்டில் மருதாணி விழா நடந்திருக்கிறது. மணமகள், தோழிகள், சித்திமார், மாமிமார், மாமிமாரின் அடுக்குமாடி அயலவர்கள் வரை ஒருவர் பாக்கியில்லை. மண்டபத்தில் உயர்ந்த பெண்கள் கை ஒவ்வொன்றும் செக்கச் செவேலென்று பழுத்திருந்தது. கமராவுக்கு நான் என்ன எழுதியிருந்தேன்? சிவப்புக் கையை மட்டும் பார்.

பார்த்தது. ஐந்து கண்ணாடியிலும் சிவப்புக் கைகள் காடாய் முளைத்தன. ஐந்து பேரும், நடுத்தாளத்தில், மூச்சு நடுவே, அப்படியே நின்றோம்.

மண்டபத்தில் வளையல்கள் மட்டும் கிலுங்கிக்கொண்டிருந்தன. எனக்குக் காது சுட்டது. போச்சு, எல்லாம் போச்சு. என்ன நடந்தது என்று விளங்காமல் சனம் மெதுவாகக் கையை இறக்கியது. கை இறங்கினால் பச்சை. பச்சை வந்தால் போ. ஐந்து பேரும் விட்ட இடத்திலிருந்து ஒரே அடியில் பாய்ந்தோம்.

"ஹூ!" என்று கத்தியபடி சனம் திரும்பவும் கையைத் தூக்கியது. நின்றோம்.

பிறகு மணமகள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்களை அடக்கிவிட்டு, தான் மட்டும் மெல்ல ஒரு கையை இறக்கினாள், ஏற்றினாள். முழங்கை வரை மருதாணி. என் கமரா அவளிடம் மயங்கிவிட்டது. நாங்கள் போனோம், நின்றோம், போனோம். "ஏய், நான் சொன்னா நிக்கிறாங்கள்!" என்று அவள் போட்ட கூச்சலில் கூரைப் பூ உதிர்ந்தது. அதன் பிறகு யார் யாரோ எங்களை நடத்தினார்கள். ஒரு மாமி தன் கணவனுக்கு விரலை நீட்டி, "பாருங்கோ, வீட்டில இப்பிடித்தான் நடக்கவேணும்" என்று கையை உயர்த்தினார். நின்றோம்.

கூட்டத்தின் இடையில் ஓர் இடைவெளி விழுந்தபோது அண்ணையைக் கண்டேன். கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சோடாப் பெட்டியில் சும்மா நின்றார். அவ்வளவு காலத்தில் அவருடைய கை ஓய்ந்திருந்ததை அன்றுதான் பார்க்கிறேன். சனத்தைப் பார்க்கவில்லை, மணமகளைப் பார்க்கவில்லை. விக்டர் அண்ணனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி நிற்கிறது. பாய்கிறது. கத்தியால் வெட்டின மாதிரி நிற்கிறது.

முடிந்ததும் புக்கிங் மாமா வேர்த்து விறுவிறுத்து மேடைக்கு வந்தார்.

"ஐசே, அந்த ஆள் ஒரு அடி பிந்தேல்லை ஐசே!"

எந்த ஆள் என்று அண்ணை கையால் கேட்டார்.

"விக்டர்தான்! எங்க எனக்குத் தெரியாமல் இவ்வளவு பயிற்சி எடுத்தனீங்கள்? இனி இதுதான் எங்கட ஐட்டம். போஸ்டர் அடிக்கிறன், 'நீங்கள் நிறுத்தினால் நாங்கள் நிற்போம்' எண்டு."

"அப்ப உந்தக் கொலன்னாவைத் தம்பி?"

தேடினோம். அவன் குச்சிகளை முடியில் செருகிக்கொண்டு மணமகளின் தோழிகளோடு இன்னும் ஆடிக்கொண்டிருந்தான். மாமா கூப்பிட்டதற்கு, "அங்கிள், சொல்லாம கொள்ளாம இப்பிடி நிக்க எனக்கு வராது. அவரையே வச்சுக்கொள்ளுங்க" என்றான்.

விக்டர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து, கவனமாக மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"நல்ல சாமான், பிள்ள" என்றார் என்னிடம். "உங்களுக்கெல்லாம் பெரிய உதவி, என்ன?"

"ஓம் அண்ணை" என்று தலையாட்டினேன். "எங்களுக்குப் பெரிய உதவி."

இதெல்லாம் நடந்து கொஞ்சக் காலமாகிவிட்டது. கண்ணாடிகளுக்கும் வயது போகிறது. அந்த மாதிரியை இப்போது யாரும் செய்வதுமில்லை. விக்டர் அண்ணனுடைய பட்டரி செத்தபோது, அவருக்குத் தெரியாமல் ஒரு கிட்டார்க்காரருடையதைக் கழற்றிப் போட்டோம். வயர் அறுந்தபோது அவருடைய மச்சானுடையதை. அன்றைக்குத்தான் மச்சான்மார் இருவரும் நேரே கதைத்தார்கள். "உம்மடதும் போச்சோ?" "போச்சு." மழைக்காலத்தில் மெலனியின் கண்ணாடியும் அதே வழியில் போனது.

போன வாரம் அண்ணை அதே பிஸ்கட் பெட்டியோடு என் வாசலில் நின்றார். வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். என் கண்ணாடியைக் கொடுத்தேன். உள்ளே இருந்ததையெல்லாம் விக்டர் அண்ணனுக்காக இருவருமாகக் கழற்றி எடுத்த பிறகு, மற்ற மூவருக்கும் செய்தது போலவே வெறும் கண்ணாடியைத் துடைத்து என் மூக்கில் மாட்டிவிட்டுப் போனார்.

வருகிற சனிக்கிழமை மருதானையில் ஒரு கல்யாணம். என் கண்ணாடிக்குள் இனிமேல் ஒன்றும் தெரியாது. சோடாப் பெட்டியில் ஏறி நின்று கை காட்டுகிற ஒரு கட்டை மனிதர் மட்டும், கொஞ்சம் கறுப்பாகத் தெரிவார். போட்டுக்கொண்டுதான் வாசிப்பேன்.